சிறுநகரப் பொது நூலகம்: குவாசூலு-நாத்தால் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாத்தால் மாகாணச் சிறுநகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் ஊர்ப் பொது நூலகத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சட்டம், நிதி பற்றிய விடைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். ஈரம், பூச்சி பற்றியவை கடலோர ஊர்களில் இருப்போருக்குக் கூடுதலாகப் பயன்படும்.

பெயர்ப்பலகையில் நகராட்சியின் சின்னம் இருக்கிறது. எதைக் கேட்டாலும் மாகாண அரசைக் கைகாட்டுகிறார்கள். நூலகம் யாருடைய பொறுப்பு?

1996-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, தேசிய நூலகங்கள் நீங்கலாக மற்ற நூலகங்கள் அனைத்தையும் மாகாணங்களின் தனி அதிகாரத்தில் வைத்திருக்கிறது. ஆனால் கட்டடமும் பணியாளரும் மின்கட்டணமும் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே நகராட்சிகளின் கையில் இருந்தன. சட்டம் மாறியபின்பும் அவை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டன. அதிகாரம் ஓரிடத்திலும் செலவு வேறோரிடத்திலும் நிற்பதால், கூரை ஒழுகினால்கூட யார் சரிசெய்வது என்று கடிதங்கள் அலைகின்றன. இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் தேசிய அரசு 2007-08 நிதியாண்டு முதல் சமூக நூலகங்களுக்கென்று நிபந்தனை மானியம் ஒன்றை மாகாணங்கள் வழியாக வழங்கி வருகிறது. மாகாண நூலகத் துறை பொதுவாக நூல்களையும் பயிற்சியையும் மானியத்தையும் தருகிறது. அன்றாட நிர்வாகம் நகராட்சியிடம் இருக்கிறது.

தமிழ்நாட்டு உறவினர்களிடம் பேசுவோருக்கு ஒரு வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. அங்கே 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் வசூலிக்க வழிசெய்தது. அந்தச் சட்டத்தின் பின்னே சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. இங்கே அப்படித் தனி வரி எதுவும் இல்லை. ஆகையால் நூலகத்துக்கான தொகை ஆண்டுதோறும் மற்றச் செலவுகளோடு போட்டியிட்டே வரவு செலவுத் திட்டத்தில் இடம்பிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எப்போது, யாரிடம் கேட்பது?

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, புதிய ஆண்டு தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன், அதாவது மார்ச் மாத முடிவுக்குள், வரவு செலவுத் திட்டத்தின் வரைவு நகராட்சி மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதன்பின் ஏப்ரல், மே மாதங்களில் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்படுகிறது. பலரும் அந்த ஏப்ரல் கூட்டத்துக்குத்தான் முதன்முதலாகப் போகிறார்கள். அதற்குள் எண்கள் ஏறக்குறைய உறுதியாகிவிட்டிருக்கும். ஒரு துறையின் தொகையைக் கூட்ட வேண்டுமானால் வேறொரு துறையில் கைவைக்க வேண்டும், அதற்கு எந்த அதிகாரியும் எளிதில் இசைய மாட்டார்.

ஆகவே செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே, துறைகள் தங்கள் தேவைகளை எழுதத் தொடங்கும்போது, உங்கள் கோரிக்கை நூலகரின் மேசையில் இருக்க வேண்டும். நகராட்சியின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்கு வருகிறது. அந்த ஆவணத்தில் நூலகம் பற்றி ஒரு வரியாவது இடம்பெறாவிட்டால், நிதி கேட்கும்போது பற்றிக்கொள்ளக் கொம்பு இருக்காது. வார்டுக் கவுன்சிலரிடமும் வார்டுக் குழுவிடமும் ஒரே கடிதத்தின் படிகளைக் கொடுங்கள். முதலில் நூலகரிடம் பேசிவிட்டு எழுதுங்கள். அவருக்குத் தெரியாமல் மேலிடத்துக்குப் போகும் கடிதம் அவர்மீது குற்றம் சாட்டுவதுபோல் படிக்கப்படும். அன்றிலிருந்து உங்களுக்கு உள்ளே துணை இருக்காது.

"நூலகத்தை மேம்படுத்துக" என்று எழுதிய கடிதத்துக்கு "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற பதில்தான் வரும். "சிறுவர் பகுதியில் கூரையின் வடகிழக்கு மூலை ஒழுகுகிறது, அதன் கீழுள்ள இரண்டு அலமாரிகள் காலியாக வைக்கப்பட்டுள்ளன, பழுது பார்க்கும் மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால், அதைக் கையில் வாங்குபவர் ஏதேனும் முடிவு எடுத்தாக வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

திறந்திருக்கும் நேரத்தைக் கேட்பேன். புதிய கட்டடம், புதிய கணினி, புதிய நூல் என எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைப்பதில் எனக்குச் சற்றும் தயக்கம் இல்லை. வார நாட்களில் காலை எட்டரைக்குத் திறந்து மாலை நான்கரைக்கு மூடும் நூலகம், வேலைக்குப் போகிறவருக்குப் பூட்டிய கதவாகவே இருக்கிறது. பள்ளி விட்டு, டாக்சி பிடித்து வந்து சேரும் மாணவிக்கு அங்கே ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. எவ்வளவு நல்ல நூல் உள்ளே இருந்தாலும் அவர்கள் இருவருக்கும் அது இல்லாததுதான்.

கூடுதல் நேரம் என்றதும் கூடுதல் பணியாளர் என்று நிர்வாகம் அஞ்சும். எனவே மாற்று அட்டவணை ஒன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் தாமதமாகத் திறந்து மாலை ஆறரை வரை வைத்திருந்தால் மொத்த வேலைநேரம் மாறாது. காலை வேளையில் பொதுவாக வருகை குறைவு என்பதை வாசலில் வருகையை எண்ணிக் குறித்தாலே காட்டிவிடலாம். இரண்டு வாரம் மணிக்கு மணி எண்ணுங்கள். நூலகரே அந்தத் தாளைத் தன் மேலதிகாரிக்கு அனுப்புவார். மாலை நேரத்துக்கு இன்னும் இரண்டு தேவைகள் உண்டு: காவலர் ஒருவர், வாசலிலிருந்து டாக்சி நிறுத்தம் வரை எரியும் விளக்கு. இவை இல்லாமல் ஆறரை மணிக்குப் பெண்களும் பிள்ளைகளும் வரமாட்டார்கள். பின்னர் "திறந்து வைத்தோம், யாரும் வரவில்லை" என்ற பேச்சு வரும். சம்பளக்காரர்களின் வேலைநேரத்தை மாற்றுவது தொழிற்சங்கத்தோடு பேசி முடிக்க வேண்டிய காரியம் என்பதையும் முன்கூட்டியே மனத்தில் கொள்ளுங்கள்.

வருகிறவர்களில் பாதிப்பேர் நூலைத் தொடுவதே இல்லை. மேசைக்கும் வை-ஃபைக்கும்தான் வருகிறார்கள். இதையும் நூலகச் சேவை என்று கருதலாமா?

கருதத்தான் வேண்டும். ஐந்து பேர் ஓர் அறையில் வசிக்கும் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அமைதியான மேசையே முதல் நூல். பல்கலைக்கழக விண்ணப்பம், வேலை விண்ணப்பம், அரசு உதவித்தொகை விண்ணப்பம் யாவும் இணையத்துக்குப் போய்விட்ட நாட்டில், டேட்டா வாங்க ராண்ட் இல்லாதவருக்கு இந்தச் சேவையை மறுப்பது நியாயம் ஆகாது. லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு நடந்த ஆண்டுகளில் நாம் கற்ற பாடத்தையும் கைவிட வேண்டாம்: ரவுட்டருக்கும் சில விளக்குகளுக்கும் மட்டும் போதுமான சிறிய இன்வெர்ட்டர் ஒன்று இருந்தால், மின்சாரம் போனாலும் வாசிப்பறையை மூட வேண்டியதில்லை.

தமிழ் நூல்களுக்கு ஒரு பகுதி வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா?

அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, தென்னாப்பிரிக்க மொழி வாரியம் போற்றி வளர்க்க வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவையும் அங்கே உள்ளன. எனினும் தமிழ் அதிகார மொழி ஆகாததால், தமிழ் நூல் வாங்கியே தீர வேண்டும் என்று எந்த நகராட்சியையும் அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. கோரிக்கைக்கு அது வலுச் சேர்க்கும். கோரிக்கையை வெல்ல வைப்பது வாசகர்களின் எண்ணிக்கை.

இங்கே நாம் உண்மையை நேராகப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் தமிழ் எழுத்தைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகள் தேவாரத்தையும் காவடிப் பாடல்களையும் ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். இந்நிலையில் கனமான நாவல்களாலும் உரைநூல்களாலும் ஓர் அலமாரியை நிறைத்தால், அது திறப்பு விழாப் புகைப்படத்தோடு முடிந்துவிடும். முதலில் வாங்க வேண்டியவை: பெரிய எழுத்தில் அரிச்சுவடிகள், தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த படக்கதைகள், ஆங்கில விளக்கமுள்ள இலக்கண அறிமுகங்கள், நல்ல அகராதி ஒன்று. முதியோருக்காகப் பெரிய எழுத்துக் கதைத் தொகுதிகள் சில. இந்தச் சிறிய தொகுப்பு இரவல் போய்த் திரும்பி வந்தால், அடுத்த ஆண்டு கேட்பதற்கு அந்த இரவல் கணக்கே சாட்சி.

தாத்தா சேர்த்து வைத்த தமிழ்ப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. நூலகத்துக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

கேட்காமல் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடாதீர்கள். நன்கொடை நூலை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் நூலகத்துக்கு எழுதப்பட்ட விதிகள் இருக்க வேண்டும். இல்லையென்றால், அவற்றை எழுதச் சொல்வதே நீங்கள் செய்யும் முதல் உதவி. ஏற்ற நூலை எங்கே வைப்பது, பயன்படாவிட்டால் என்ன செய்வது ஆகியவை நூலகத்தின் முடிவு என்று நன்கொடையாளர் கையெழுத்திட வேண்டும். மனம் கசக்கும் விதிதான். ஆனால் "என் தந்தையின் புத்தகங்களைத் தனி அலமாரியில் அவர் பெயரோடுதான் வைக்க வேண்டும்" என்ற நிபந்தனைகளால் சிறிய நூலகங்கள் மூச்சுத் திணறியிருக்கின்றன.

கொடுப்பதற்கு முன் ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். மேலே பழுப்புத்தாள் அட்டை போட்ட நூல் இருக்கும். அதை விரித்தால், தையல் இருக்கும் முதுகுப் பக்கம் மாவுபோல் தூள் உதிர்கிறதா, தாளின் ஓரம் அலை அலையாக அரிக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். ஓரத்தை அரிப்பதும் மேல்தாளைச் சுரண்டுவதும் இராமபாணப் பூச்சி. நேரான துளைகளைப் போடுவது வண்டின் புழு. பசை போட்டு ஒட்டிய அட்டைகளைப் பூச்சிகள் விரும்பித் தின்னும். முகர்ந்தால் ஈர நெடி வருகிறது, தாளில் கறும்புள்ளிகள் தெரிகின்றன என்றால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் வளரும். டர்பன் முதல் குவாடுகுசா வரையிலான கடலோரக் கோடையில் மூடிய கராஜ் ஒன்றில் அது எளிதில் நிகழும்.

பூச்சி மட்டும் இருந்தால் வழி உண்டு. நூலைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, வாய் இறுக ஒட்டி, மைனஸ் 20 பாகைக் குளிரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் பையை உடனே பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு முழு நாள், மூடியபடியே விட வேண்டும், இல்லையேல் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளின்மேல் நீராகப் படியும். வேப்பிலை வைப்பது நம் வீட்டு வழக்கம். அது புதிய பூச்சியை ஓரளவு விலக்கலாம், உள்ளே முட்டையிட்டதைக் கொல்லாது. பூஞ்சணம் பிடித்த நூலை மற்ற நூல்களோடு சேர்க்கவே வேண்டாம். மீண்டும் கிடைக்காத நூல் என்று தோன்றினால் மட்டும், தனியே பிரித்து வைத்து, ஆவணக் காப்பகத்தாரிடம் கேளுங்கள்.

இங்கேயே அச்சான தமிழ் வெளியீடுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். கோயில் மலர்கள், தமிழ்ச் சங்க ஆண்டறிக்கைகள், பாடசாலை வாசிப்பு நூல்கள், திருமண வாழ்த்து மடல்கள் முதலியவை சென்னையில் கிடைக்காதவை. ஒரு நாவலின் பிரதி உலகில் நூறு இடத்தில் இருக்கலாம். 1930-களில் நாத்தாலில் அச்சிட்ட ஒரு கோயில் மலருக்கு உங்கள் பெட்டியே கடைசி இடமாக இருக்கக்கூடும்.

நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. கணினியில் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. ஏன்?

பட்டியலாக்கம் சரியில்லாததுதான் காரணம். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளர் பாவம், அட்டையைப் பார்த்து "தமிழ் நூல் 14" என்று பதிந்திருப்பார். அந்த நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண் உண்டு, கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113, மொழியைப் பற்றிய நூல்களுக்கு 494.811. எண் போடுவது எளிது. சிக்கல் பெயர்களில் இருக்கிறது. ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒருவர் நம் ஒலிப்புப்படி எழுதுவார். மற்றொருவர் நூலகங்களின் ஒலிபெயர்ப்பு அட்டவணைப்படி எழுதுவார். பாரதியின் பெயர் முதல் முறையில் B என்னும் ஆங்கில எழுத்திலும், இரண்டாம் முறையில் பகரத்தின் நேர் எழுத்தான P-யிலும் தொடங்கி, பட்டியலின் இரு வேறு மூலைகளில் போய் நிற்கும். தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை, முன்னெழுத்து தந்தையையோ ஊரையோ குறிக்கிறது என்பதும் பணியாளருக்குப் புதிது. ஆகையால் ஒரே முறையைத் தேர்ந்து, மற்ற வடிவங்களிலிருந்து அதற்குச் சுட்டுக் கொடுக்க வேண்டும்.

தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் சேர்த்தே பதிவது சிறந்தது. நூலகக் கணினிப் பட்டியல்களுக்கான மார்க் 21 பதிவு முறையில் மூல எழுத்து வடிவத்துக்கென்றே 880 என்ற புலம் இருக்கிறது. மென்பொருள் யூனிகோடு தமிழைக் காட்டுமா என்று முதலில் ஒரு நூலைப் பதிந்து சோதித்துப் பாருங்கள். தமிழ் தெரிந்த தொண்டர் ஒருவர் வாரம் ஒரு நாள் பணியாளரின் அருகில் அமர்ந்து தலைப்பு, ஆசிரியர், பொருள், இரண்டு வரி ஆங்கிலக் குறிப்பு ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால், தேங்கிக் கிடக்கும் நூல்கள் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வரும். நம் சமூகம் நூலகத்துக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதற்கு நிகரானது வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்; புதிய நூல்களுக்கு நிதி திரட்டுவதைக்கூட இதற்குப் பின்தான் வைப்பேன்.

நூல்களைக் கழித்துக் கட்டுகிறார்கள், தடுக்க வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். காலாவதியான மருத்துவ நூலும் பழைய வரிச் சட்ட வழிகாட்டியும் வாசகருக்குத் தீங்கு செய்பவை. கிழிந்த நூல் வரிசை நல்ல நூலையும் மறைக்கிறது. உள்ளூர் வரலாறு, உள்ளூர் அச்சு, வேறெங்கும் இல்லாத மொழி நூல்கள் ஆகியவற்றுக்கு மட்டும், நீக்குமுன் தெரிந்தவர் ஒருவரைக் கேட்க வேண்டும் என்ற விதியை எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

2021-இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், இந்நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் எந்த மொழியிலும் பொருள் உணர்ந்து படிக்க இயலாதவர்கள் என்று தெரியவந்தது. தமிழ்ப் பகுதிக்காக நாம் எடுக்கும் எந்த முயற்சியும் இந்தக் கணக்கை மறந்துவிட்டு நடக்கக் கூடாது. சனிக்கிழமைக் கதை நேரத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனியே நடத்துவதைவிட, ஒரே கதையைச் சூலுவிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மூவர் மாறி மாறிச் சொல்வதை நான் விரும்புகிறேன். வடை திருடிய காக்கையின் கதைக்கு எந்தப் பிள்ளையும் சிரிக்கும். சூலு பேசும் சிறுவன் "காக்கா" என்று கூவும்போது நம் பிள்ளைக்குத் தன் மொழியின்மேல் இருந்த கூச்சம் குறையும். முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நூலை இரவல் எடுத்துச் செல்ல வேண்டும். அதற்காக உறுப்பினர் படிவங்களை முன்வாரமே பெற்றோரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கி வைத்திருங்கள். முகவரிச் சான்று இல்லாத குடும்பங்களுக்குப் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தை ஏற்கும்படி நூலகரிடம் கேட்கலாம்.

தாமதக் கட்டணம் வேண்டுமா?

சிறுவர்களுக்கு வேண்டாம். கிடைக்கும் தொகை சொற்பம். கட்டணத்துக்கு அஞ்சி நூலைத் திருப்பாமலே நின்றுவிடும் பிள்ளைகளின் இழப்புப் பெரிது.

பார்வை மங்கிய முதியவர்களுக்கு ஏதேனும் வசதி உண்டா?

மக்காண்டா நகரில் 1919 முதல் பார்வையற்றோருக்கான தென்னாப்பிரிக்க நூலகம் இயங்கி வருகிறது. பிரெயில் நூல்களும் ஒலி நூல்களும் அதன் பணி. மேலும், பார்வைக் குறைபாடு உடையோர் தாம் படிக்கத்தக்க வடிவத்துக்கு நூல்களை மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமையாளரின் ஒப்புதல் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் வழிதிறந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. "வெள்ளையருக்கு மட்டும்" என்ற பலகையைக் கண்டு வளர்ந்த ஒரு பாட்டி, இன்று அதுபோன்ற ஒரு கட்டடத்தின் படியேறத் தயங்கினால் அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். முதல் முறை கூடச் சென்று, நூலக உறுப்பினர் அட்டையை அவர் பெயரிலேயே எடுத்துக் கொடுங்கள்.

மூதாதையர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தேட நூலகம் உதவுமா?

உதவ முடியும். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நாத்தாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை எழுதப்பட்டன. குவாசூலு-நாத்தால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இத்தகைய தேடலுக்கு உரிய இடம்.

ஊர் நூலகர் செய்யக்கூடியது தேடுபவரைத் தயார்ப்படுத்துவது. வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலேய எழுத்தர் எழுதியதால், முனுசாமியும் மாரியம்மாளும் பல எழுத்துக்கூட்டலில் கிடைப்பார்கள். அவற்றையெல்லாம் வாய்விட்டுப் படித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்தால் வேலை பாதியாகும். ஊர்ப் பெயர்களுக்கும் அதே கதைதான்: வட ஆற்காடு, செங்கற்பட்டு போன்ற அன்றைய மாவட்ட எல்லைகள் இன்றில்லை. இதற்கென்று பழைய சென்னை மாகாண வரைபடம் ஒன்றை நூலகம் வாங்கி வைத்தல் நலம்.

நாங்கள் என்ன படிக்கிறோம் என்பதை நூலகம் பிறருக்குச் சொல்லுமா?

சொல்லக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது; உறுப்பினர் விவரமும் இரவல் விவரமும் அதற்கு உட்பட்டவை. இரவல் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைக்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

தொண்டராக வர விரும்புகிறேன். என்ன செய்யலாம், என்ன கூடாது?

சம்பளம் பெறும் பணியாளரின் வேலையை இலவசமாகச் செய்ய முன்வராதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த பணியிடம் நிரப்பப்படாமலே போகும் ஆபத்து உண்டு. இரவல் மேசை, காசாளர் வேலை, உறுப்பினர் பதிவு ஆகியவை பணியாளருக்கே உரியவை. தமிழ்ப் பட்டியல் குறிப்பு, கதை நேரம், வீட்டுப்பாட உதவி, கிழிந்த நூல்களுக்கு அட்டை போடுதல், முதியோருக்கு வாகன உதவி ஆகியவற்றில் உங்கள் கை தேவை. பிள்ளைகளோடு பழகும் எந்தத் தொண்டரும் பின்னணிச் சரிபார்ப்புக்கு உடன்பட வேண்டும். பிள்ளையோடு தனியறையில் இருக்கலாகாது.

வாரம் முழுவதும் வருவேன் என்று வாக்களித்து ஒரு மாதத்தில் நின்றுவிடுபவரைவிட, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும் தவறாமல் வருபவரை வைத்துத்தான் நூலகர் அட்டவணை போட முடியும். உங்களால் இயன்ற நாளையும் மணியையும் ஒரு தாளில் எழுதி, தமிழ் எழுத்து படிப்பீர்களா, பேச மட்டும் வருமா என்பதையும் குறித்து, நூலகரிடம் நேரில் கொடுங்கள்.